2012: பத்து ரூபாய் காமிக்ஸ் நூறு ரூபாய் ஆன வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு ஓரளவு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வருஷக் கடைசியில் "இந்த வருஷம் காமிக்ஸில் என்ன நடந்தது"ன்னு ஒரு எபிசோட் போடுவது நம்ம வழக்கம். இந்த முறை ஒரு மாற்றம். பழைய வருஷம் ஒன்றை எடுத்துக்கலாம்னு இருக்கேன்: 2012. தமிழில் இன்னைக்கும் மாசாமாசம் புது காமிக்ஸ் அச்சாகி வருதுன்னா, அதுக்கு அந்த ஒரு வருஷத்தில் எடுத்த முடிவுகள்தான் பெரிய காரணம். அந்த முடிவுகளால் கிடைத்தது என்னன்னு ரசிகர்கள் நிறையவே பேசியாச்சு. அதுக்குக் கொடுத்த விலை என்னன்னு யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்னைக்கு ரெண்டையும் பேசலாம்.

முதல்ல, புதுசா கேட்கிறவங்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிவகாசியில் இருந்து 1972ல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அதே குடும்பத்தில் இருந்து லயன் காமிக்ஸ் வந்தது, ஆசிரியர் எஸ். விஜயன். அதே மாசம் ராணி காமிக்ஸும் ஆரம்பம். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாம் பிரிட்டன் சரக்கு. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். லக்கி லூக், கேப்டன் டைகர் பிராங்கோ-பெல்ஜிய இறக்குமதி. ஆனா நம்ம அப்பா, மாமா தலைமுறைக்கு இவங்க எல்லாரும் சிவகாசிக்காரங்கதான்.

2005 வாக்கில் ராணி காமிக்ஸ் நின்றுவிட்டது. லயனும் முத்துவும் பத்து ரூபாய்க்கு, சாணித் தாளில், கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்தன. போகப் போக அடுத்த இதழ் எப்போ வரும்னு சொல்ல முடியாத நிலை. நடுவில் 2010ல் ஒரே ஒரு பெரிய வெடி: 'ரத்தப் படலம்' 18 பாகங்களும் ஒரே புத்தகமாக, 850 பக்கத்துக்கு மேலே, 200 ரூபாய்க்கு. அதுக்குப் பிறகு மறுபடியும் அமைதி.

புயலும் புத்தகமும்

இப்போ 2012க்கு வருவோம். கடலூர்க்காரனுக்கு அந்த வருஷம் இரண்டு நாள் முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

நாங்க இங்கே கேனைத் தூக்கிக்கிட்டு தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்த அதே ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளியானது. விலை 100 ரூபாய். பத்து ரூபாய்க்குப் பழகிய வாசகர்களிடம் பத்து மடங்கு விலை சொல்வது சாதாரண விஷயம் இல்லை. ஆனா புத்தகம் விற்றது. அந்த நம்பிக்கையில் வருஷம் முழுக்க 100 ரூபாய் இதழ்கள் வந்தன. ஆர்ட் பேப்பர், முழு வண்ணம், பெரிய சைஸ்.

அந்த வருஷப் புது வரவுகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ரெண்டு. ஒன்று, முத்து காமிக்ஸில் வந்த 'என் பெயர் லார்கோ'. ஷேர் மார்க்கெட், கம்பெனி அரசியல், வாரிசுச் சண்டை என்று போகிற லார்கோ வின்ச் கதை. எழுதியவர் ழான் வான் ஹாம், 'ரத்தப் படலம்' எழுதிய அதே ஆள். இரும்புக்கையும் ஹெலிகாரும் பார்த்த கண்ணுக்கு இது வேற உலகம். இன்னொன்று 'வைல்ட் வெஸ்ட் ஸ்பெஷல்'. அதில் டைகரை வண்ணத்தில் பார்த்தபோது பலருக்கும் புரிந்தது, இத்தனை வருஷம் நாம் பார்த்தது ஒரிஜினலின் நிழலைத்தான் என்று. பழைய இதழ்களில் பெரிய ஆல்பம் பக்கத்தைச் சின்ன சைஸுக்குச் சுருக்கி, கட்டங்களை வெட்டி ஒட்டி, வண்ணத்தை எடுத்துவிட்டுத்தான் அச்சடிப்பார்கள். பத்து ரூபாயில் அதுதான் முடியும்.

டைகரைப் படைத்த ஓவியர் ழான் ஜிரோ, உலகத்துக்கு மோபியஸ், அதே 2012 மார்ச் 10ஆம் தேதி பாரிஸில் இறந்துபோனார். அவர் வரைந்த 'மின்னும் மரணம்' தமிழில் முழு வண்ணத் தொகுப்பாக வந்தது 2015ல்தான்.

வெளியே என்ன நடந்தது?

அதே வருஷம் மே மாசம் 'அவெஞ்சர்ஸ்' படம் வந்து நூற்றைம்பது கோடி டாலர் வசூல் பண்ணியது. ஆகஸ்ட் 31ல் நம்ம ஊரில் மிஷ்கினின் 'முகமூடி' வந்தது. ஜீவா சூப்பர் ஹீரோ. படம் ஓடவில்லை, ஆனா ஆசை இருந்தது தெரிகிறது.

இதைவிட முக்கியமான செய்தி டிசம்பர் 4 அன்று பிரிட்டனில் இருந்து வந்தது. 1937ல் தொடங்கிய 'தி டேண்டி' என்கிற குழந்தைகள் காமிக்ஸ் அன்றோடு அச்சை நிறுத்தியது. 1950களில் வாரம் இருபது லட்சம் பிரதி விற்ற இதழ், எட்டாயிரத்துக்கும் கீழே போயிருந்தது. இனி டிஜிட்டல்தான் என்றார்கள். அந்த டிஜிட்டல் இதழும் அடுத்த வருஷமே நின்றுபோனது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பேப்பர் செத்துப்போச்சுன்னு பிரிட்டனில் முடிவு பண்ணின வருஷத்தில், சிவகாசியில் இன்னும் நல்ல பேப்பர் வாங்கினார்கள். சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிற எனக்கு, டிஜிட்டலுக்கு மாறாதவன் பிழைத்தான்னு சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனா நடந்தது அதுதான். 2013 ஜனவரியில் முத்துவின் நாற்பதாம் ஆண்டுக்கு 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' 400 ரூபாய்க்கு வந்தபோது, விலையைப் பற்றிப் புலம்பியவர்களைவிட முன்பதிவு பண்ணியவர்களின் குரல்தான் பலமாகக் கேட்டது.

கையைத் துடைச்சிட்டு எடு

இது எப்படி வேலை செய்தது? ஏஜெண்டுக்குக் கடனுக்கு அனுப்பி, விற்காததைத் திரும்ப வாங்கும் பழைய முறையைக் குறைத்து, வாசகரிடமே முன்கூட்டியே சந்தா வாங்கினார்கள். பணம் முதலில், புத்தகம் கூரியரில். அச்சடிக்கும் முன்பே எத்தனை பேர் வாங்குவார்கள்னு ஓரளவு தெரிந்துவிடும். குறைந்த பிரதி, நல்ல தரம், அதிக விலை. கணக்கு சரியாக உட்கார்ந்தது.

சிதம்பரத்தில் எங்க மாமா ஒருத்தர் இப்படி சந்தா கட்டினவர். கீழ வீதிப் பக்கம் வீடு. அப்போ நான் பத்தாவது. அந்த வருஷம் மின்வெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. டிவியும் ஓடாது, ஃபேனும் ஓடாது. சனிக்கிழமை கடலூரில் இருந்து பஸ் ஏறி மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். பார்சலைத் தொடப்போனால் மாமா, "டேய், கையைத் துடைச்சிட்டு எடு" என்பார். படித்து முடித்ததும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிடுவார்.

அதே மாமா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லயனை எப்படி வாங்கினார்? திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் கடையில், கயிற்றில் தொங்கியதைப் பார்த்து, கையில் இருந்த சில்லறைக்கு. யாரும் சிபாரிசு பண்ணவில்லை, சந்தா இல்லை, முகவரி இல்லை. படித்துவிட்டு நண்பனுக்குக் கொடுத்தார், அவன் இன்னொருத்தனுக்கு. அட்டை கிழிகிற வரைக்கும் சுற்றியது.

நான் சொன்ன விலை இதுதான். எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா, ரிட்டென்ஷன் பிரமாதம், ஆன்போர்டிங் கிடையாது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர் வெளியே போகவில்லை. ஆனா புதுசா ஒரு பையனோ பொண்ணோ தற்செயலாகத் தடுக்கி உள்ளே விழுகிற வழி அடைந்துபோனது. எனக்கு ஒரு மாமா இருந்தார். என் வகுப்பில் மத்தவங்களுக்கு அந்த மாதிரி ஒரு மாமா இல்லை. அவங்களுக்கு 2012ல் தமிழ் காமிக்ஸ் திரும்பி வந்ததே தெரியாது.

இதற்காகப் பதிப்பாளரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. பத்து ரூபாயிலேயே நீடித்திருந்தால் இன்னைக்குப் பேச எதுவுமே மிஞ்சியிருக்காது. முதலில் உயிர் பிழைக்கணும். ஆனா பிழைத்த பிறகு, அடுத்த வாசகர் எங்கிருந்து வருவார் என்கிற கேள்வி பதிப்பாளருக்கு மட்டும் உரியது இல்லை, நமக்கும் உரியது.

என் அக்கா பொண்ணு கடலூரில் நாலாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். தமிழ்ப் பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போன லீவில் ஒரு லக்கி லூக் கொடுத்தேன். முதல் நாள் படம் மட்டும் பார்த்தாள். மூணாவது நாள், "மாமா, டால்டன்ல யாரு குட்டையா இருக்கானோ அவன்தான் ரொம்ப கோவக்காரனா?" என்று கேட்டாள். படத்தை மட்டும் பார்த்தவள் கேட்கிற கேள்வி இல்லை அது. பலூனுக்குள் இருக்கிற தமிழைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் இந்த எபிசோடின் கடைசியில் ஒரு வேண்டுகோள். இதைக் கேட்கிறவங்க பெரும்பாலும் சம்பாதிக்கிற ஆளுங்க. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கோ, உங்க மாவட்டத்தில் நடக்கிற புத்தகத் திருவிழாவுக்கோ போனா, காமிக்ஸ் கிடைத்தால் ரெண்டு பிரதி வாங்குங்க. ஒன்று உங்க பீரோவுக்கு. இன்னொன்று தெரிஞ்ச ஒரு குழந்தைக்கு. கையைத் துடைச்சிட்டு எடுன்னு சொல்லாதீங்க. கிழிஞ்சா கிழியட்டும்.

நீங்க முதன்முதலில் படித்த காமிக்ஸ் எது, யார் கொடுத்தாங்க என்று வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதைப் போடுறேன்.