எழுந்த பிள்ளைக்கு ஆகாரம்

(பாரூர் ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டார் அழுது புலம்பிக்கொண்டிருந்தபோது, ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அந்த அற்புதத்தைப் பலமுறை தியானித்திருக்கிறோம். அதன்பின் பிள்ளைக்கு ஆகாரம் கொடுக்கும்படி அவர் வீட்டாரிடம் சொன்னதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. எழுப்பினவர் அவர், போஷிக்கிற பொறுப்பை வீட்டாரிடம் விட்டார்.

எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த பிள்ளைகளை நினைக்கும்போது இந்தப் பகுதியே எங்கள் மனதில் வருகிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இக்கிருமியை நம் தேசத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அந்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில்தான் பரிசோதிக்கப்பட்டன. அதற்குப்பின் பல வருஷங்கள், தாயிடமிருந்து கிருமியைப் பெற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு மருந்து எட்டாததாகவே இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2006-ல் குழந்தைகளுக்கென்றே மருந்து வந்தது. நாம் ஜெபித்தோம், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இன்று அவர்கள் வாலிபர்கள். சிலர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். இப்போது வேறொரு கஷ்டம் வந்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதிலேயே சிலருக்கு வயிறு பெருக்கிறது. சர்க்கரையும் இரத்தக் கொழுப்பும் ஏறுகின்றன.

காரணங்கள் பல. பிறந்தது முதல் கிருமியோடு வளர்ந்த உடலில் இரத்தக் குழாய்கள் சீக்கிரமே பாதிக்கப்படலாம். முற்காலத்தில் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்து உயிரைக் காத்தது. ஆனால் கன்னத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்துவிட்டது. இப்போது கொடுக்கப்படும் டோலுடெகிராவிர் கிருமியை நன்றாக அடக்குகிறது. சிலருக்கு எடை கூடுகிறது. இதோடு இராத்திரி ஷிப்டு, தூக்கக் குறைவு, பரோட்டா, சர்க்கரை அள்ளிப் போட்ட டீ.

இந்தப் பக்கத்து வாலிபர் ஒருவர். இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குச் சுகமாயிருந்தவர். சர்க்கரை வந்ததும் வேறொரு கிளினிக்குக்குப் போனார். மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏ.ஆர்.டி. சாப்பிடுவதை அவர் அங்கே சொல்லவில்லை. கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். டோலுடெகிராவிர் இரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை உயர்த்தும். ஆகவே டாக்டர் அளவு பார்த்தே கொடுக்கவேண்டும். இவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஏ.ஆர்.டி.தான் காரணம் என்று எண்ணி, அதையே நிறுத்திவிட்டார்!

அந்த நிலையில்தான் எங்களிடம் வந்தார். அவருடைய சம்மதத்தோடு எங்கள் டாக்டர் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, மெட்ஃபார்மின் அளவைக் குறைத்தார். அவர் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் திரும்பினார். அவரை அபாயத்துக்குக் கொண்டுபோனது சர்க்கரையைவிட, அவர் மறைத்து வைத்த இரகசியமே. 2018 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருடைய சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடக்கூடாது. இதற்காக அநியாயமாக வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. ஆனாலும் பயம் சட்டத்தால் மட்டும் போய்விடாது. சபையார் வாயைக் காத்துக்கொண்டால் பாதி பயம் போகும்.

பிரியமானவர்களே, செய்யவேண்டியவை எளியவை. எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் காலாகாலத்தில் பார்க்கவேண்டும். தினமும் நடக்கவேண்டும். பீடி, சிகரெட்டை விடவேண்டும். நம் பாட்டிமார் சமைத்த கேழ்வரகுக் களி, கொள்ளு, கீரை மறுபடியும் தட்டுக்கு வரட்டும், களியும் அளவோடுதான். எந்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்தக்கூடாது.

ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் இவர்கள் வரும்படி, ஞாயிறு பிற்பகலில் பரிசோதனை நடத்த விரும்புகிறோம். அதற்கு எடை மிஷினும், இரத்த அழுத்தக் கருவியும், இரத்தப் பரிசோதனைச் செலவும் தேவை. உங்கள் காணிக்கை இதற்கே போகும்.

எழுந்த பிள்ளை நம் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஆகாரம் கொடுப்போமாக. ஆமென்.