வெட்டுப்பட்ட காசும் பிறவிக் குறையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து இருபது ஆண்டுகள் சில்லறை எண்ணியதே என் மேற்படிப்பு. அந்தப் படிப்பிலும் ஒருமுறை தவறினேன். அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மூர் மூதாட்டி ஒருவர் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். அதன் ஓரத்தில் பிறை வடிவாக ஒரு துண்டு இல்லை. எதிர் ஓரத்து விளிம்பும் மங்கிக் கிடந்தது. "ஏனம்மா, காசை வெட்டிக்கொண்டா வருகிறீர்கள்? எதிர்ப்புறமும் தேய்ந்திருக்கிறதே!" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நான் வெட்டலை ஐயா, கைக்கு வந்ததைக் கொடுத்தேன்" என்று கூறி, காசை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் போய்விட்டார்.

பின்னர் நாணயங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் என் அறியாமை விளங்கிற்று. அக்கசாலையில் நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுப்பார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டு விழும். வில்லை பிறை குறைந்து பிறக்கும். அடுத்து, வில்லையை உருட்டி நெருக்கி விளிம்பை உயர்த்துவார்கள். ஒருபுறம் பிறை இல்லாதபோது நேர் எதிர்ப்புறத்தில் நெருக்கம் கிட்டாது. அங்கே விளிம்பு மங்கும். அரத்தாலோ கத்திரியாலோ பின்னர் வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுமையாகவே இருக்கும். எதை நான் குற்றத்திற்குச் சான்றாகக் காட்டினேனோ, அதுவே அந்த அம்மையாரின் நேர்மைக்குச் சான்று!

நமது மும்பை அக்கசாலை கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே 1829 முதல் நிற்கிறது. ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் அது அங்குப் பிறந்த காசு. அங்கே நேர்ந்த பிழைக்குச் சேகரிப்போர் விலை தருவர்; தெருவில் நேர்ந்த காயத்திற்குத் தருவதில்லை. இந்த வேறுபாடு அறியாமல் நம் காலனிப் பிள்ளை ஒருவன் நடைபாதையில் 800 ரூபாய் கொடுத்து அகன்ற காசு ஒன்றை வாங்கி வந்தான். பார்த்தவுடனே சொன்னேன், அது தண்டவாளத்தில் நசுங்கியது என்று. மாட்டுங்காவுக்கு இருபுறமும் ரயில் பாதை, எனக்குத் தெரியாதா? சக்கரம் ஏறிய காசு ஒரு திசையில் நீளும். எழுத்தும் சிங்கமும் கூடவே இழுபட்டுப் போகும். அக்கசாலையில் காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அச்சு விழுந்தாலும் காசு அகலும். ஆனால் எழுத்துகள் தம் அளவில் கூர்மையாகவே நிற்கும். (பிள்ளைகளே, தண்டவாளத்தருகே போகாதீர்கள். உயிருக்கு ஆபத்து, நாணயத்தை அழிப்பது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றமும் ஆகும்.)

கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிந்த உருவமுள்ள காசும் விற்பனைக்கு வரும். அச்சிட்ட காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் அது மெய்யான பிழை. அப்போது மறுபக்கம் குறையின்றி இருக்கும். இரு காசுகளைப் பட்டறைப் பிடியில் வைத்து நெருக்கியதானால் மறுபக்கம் தட்டையாகும். குழிந்த உருவத்தின் அடியில் பழைய உருவமும் நிழலாடும்.

துளையெல்லாம் சேதமன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஒரு பைசா நடுத்துளையுடனே அடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. பாட்டியின் பெட்டியில் அது கிடந்தால், கெட்டுப்போன காசு என்று எறிந்துவிடாதீர்கள்.

அந்த மூதாட்டியை அதன்பின் நான் காணவில்லை. தாராவிப் பக்கத்தவர் என்று நினைக்கிறேன். இச்சபையில் யாருக்கேனும், பிறை குறைந்த ஐந்து ரூபாயை முடிந்து வைத்திருக்கும் பாட்டியைத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஐயமுள்ள காசு வைத்திருப்போர் விழா முடிந்ததும் வாயிலருகே வாருங்கள். பூதக்கண்ணாடி என் பையில் இருக்கிறது.