பருவம் தாண்டும் மின்சாரம்



டென்மார்க்கில் அஸ்கோவ் என்றொரு சிற்றூர். அங்கிருந்த பள்ளியில் இயற்பியல் கற்பித்த பவுல் லா கூர், 1891-இல் அரசு உதவியோடு ஒரு சோதனைக் காற்றாலையை எழுப்பினார். காற்று வீசும்போது மின்சாரம் வரும், வீசாத இரவில் என்ன செய்வது? அவர் மின்சாரத்தை நீரில் பாய்ச்சினார். பிரிந்து வந்த ஹைட்ரஜனைத் தொட்டியில் பிடித்துவைத்து, 1895 முதல் சில ஆண்டுகள் பள்ளிக்கு அதைக்கொண்டே விளக்கெரித்தார். ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தாலும் வெடிக்கக்கூடும். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, மாற்ற வேண்டியும் வந்தது. அதற்குப் பிறகும் பள்ளி அவரை வைத்துக்கொண்டதே, அதுதான் எனக்கு வியப்பு.

இன்று 'மின்சாரத்திலிருந்து எரிவாயு' என்று பேசப்படுவதன் அடிப்படை லா கூர் செய்ததேதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 லிட்டர் தண்ணீரும் 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். கிடைக்கும் வாயுவை எரித்தால் 33 யூனிட் அளவுக்கு வெப்பம் தரும்.

அங்கேயே நிறுத்தாமல் இன்னொரு படி போகலாம். சூடான நிக்கல் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் செலுத்தினால் மீத்தேன் வரும். இதைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் பவுல் சபாத்தியே 1912-இல் நோபல் பரிசு பெற்றவர். மீத்தேனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஏற்கெனவே பூமிக்கடியில் கிடக்கும் எரிவாயுக் குழாய்களிலேயே அதை விட்டுவிடலாம். ஜெர்மனியின் வெர்ல்டேயில் ஆடி கார் நிறுவனம் 2013-இல் திறந்த ஆலை இப்படித்தான் இயங்கியது. அதற்கான கார்பன் டைஆக்சைடு பக்கத்திலிருந்த, சாண எரிவாயு போன்ற உயிர்வாயு தயாரிக்கும் ஆலையிலிருந்து வந்தது. நிலக்கரிப் புகைபோக்கியிலிருந்து அதைப் பிடித்திருந்தால் நிலத்தடிக் கரி ஒரு சுற்று தாமதமாக வானுக்குப் போயிருக்கும், அவ்வளவே.

ஆனால் கணக்கு கசக்கிறது. நூறு யூனிட் மின்சாரத்தை மீத்தேனாக்கினால் ஐம்பத்தைந்து அளவே மிஞ்சும். அதை எரித்து மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது முப்பதையொட்டித்தான். இவ்வளவு இழந்து எதற்கு?

ஜெர்மனியின் குளிர்காலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். மேகம் மூடி, காற்றும் அடங்கி, நாள்கணக்கில் சூரியத்தகடும் காற்றாலையும் ஓய்ந்து கிடக்கும் வாரங்கள் அங்கே உண்டு. அந்நாட்டின் நீரேற்று மின்நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து தேக்கிவைக்கக்கூடியது சுமார் 4 கோடி யூனிட். நிலத்தடி எரிவாயுக் கிடங்குகளில் அடங்கும் ஆற்றலோ சுமார் 25,000 கோடி யூனிட். மின்கலம் போதாதா என்றால், பகலில் நிரப்பி இரவில் காலிசெய்தால்தான் அதற்குப் போட்ட முதல் திரும்பும். ஜூனில் நிரப்பி ஜனவரி வரை பூட்டிவைக்க யார் முதல் போடுவார்? பருவம் கடந்து வைத்திருப்பதற்கான கூலிதான் அந்த எழுபது யூனிட் இழப்பு.

ஆகவே வெர்ல்டே வாயுவைக் காரில் எரித்தது எனக்கு உடன்பாடில்லை. அதே மின்சாரத்தை நேரே மின்காரில் ஏற்றினால் பல மடங்கு தூரம் ஓடும். சமையலடுப்புக்கும் அப்படியே, மின்னடுப்பு இருக்க இந்தச் சுற்றுவழி எதற்கு?

நமக்கு ஜெர்மானியக் குளிர்காலம் இல்லை. தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழியில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வெளுத்து வாங்குகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் மிகும் காற்றாலை மின்சாரத்தை வாயுவாக்கி மீண்டும் மின்சாரமாக்க அவசரப்பட வேண்டாம் என்பேன். ஹைட்ரஜன் ஹைட்ரஜனாகவே தேவைப்படும் இடம் நம்மிடம் இருக்கிறது: உரம். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து உரம் செய்யும் ஆலை 1960-களின் தொடக்கத்திலேயே பஞ்சாபின் நங்கலில் ஓடியது. பின்னாளில் அங்கும் எண்ணெய் மூலப்பொருளாக வந்தது. அம்மோனியாவைக் குளிர்வித்துத் தொட்டியில் தேக்குவதும் உரத்தொழிலுக்குப் பழகிய வேலை. காற்று வீசும் மாதங்களில் செய்துவைத்ததை அடங்கிய மாதங்களிலும் உரமாக்கலாம். அதை மின்சாரமாகத் திருப்ப வேண்டியதில்லை என்பதால், அந்தக் கடைசி இழப்பும் நமக்கு இல்லை.