உயிருள்ளபோதே ஒழுங்கு செய்வோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



 

ஒரு குடும்பத்தில் மவுத்து நிகழ்ந்தால் ஜனாஸாவை எடுத்துச் சென்று அடக்கம் செய்யும்வரை நாம் அனைவரும் ஒன்றாக நிற்கிறோம். அதன் பிறகு பத்திரங்களை விரிக்கும்போதுதான் பிரச்சினைகள் தொடங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி பள்ளிவாசலுக்கு வந்து நின்றார். கணவர் திடீரென மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் மூவரும் சிறுவர்கள். கடனை அடைக்க மனையின் ஒரு பகுதியை விற்க முயன்றபோது, நீதிமன்ற அனுமதியின்றி வாங்க இயலாது என்று வாங்க வந்தவர் கூறிவிட்டார். “பெற்ற தாய்க்கே உரிமை இல்லையா?” என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் நம் செவிகளில் ஒலிக்கிறது.

பிள்ளைகளை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி, சிறுவரின் சொத்துக்குப் பாதுகாவலர் தந்தை. அவருக்குப் பின் அவர் வஸிய்யத்தில் நியமித்தவர். அதன்பின் தந்தைவழிப் பாட்டனார். இவர்கள் எவரும் இல்லையெனில் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்தத் தந்தை, தம் மனைவியையே வஸிய்யத்தை நிறைவேற்றுபவராக நியமித்து ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் அச்சகோதரிக்கு அந்த அலைச்சல் நேர்ந்திராது.

வாரிசுப் பங்குகளை அல்லாஹ்வே அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்துவிட்டான். அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு பெண் ஆகியோரை விட்டு ஒருவர் மவுத்தானால், சொத்தை 40 பாகங்களாக்கி மனைவிக்கு 5, ஆண்மக்களுக்குத் தலா 14, பெண்ணுக்கு 7 என வழங்க வேண்டும். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இதனையே நமக்குரிய சட்டமாக்கியது. அச்சட்டம் விட்டுவைத்த விவசாய நிலத்தையும், 1949-இல் சென்னை மாகாணத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதனுள் கொண்டுவந்தது. ஆகவே, “நிலத்தில் பெண்களுக்குப் பங்கில்லை” என்று கூறுவோர் மார்க்கத்திற்கும் சட்டத்திற்கும் மாறாகவே பேசுகின்றனர்.

அப்படியானால் வழக்கறிஞரிடம் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பங்கை வகுப்பது அல்லாஹ்வின் சட்டம். பங்கு உரியவர் கைக்குச் சேரும் வழியைச் சீர்செய்வது நம் கடமை. முஸ்லிம் சட்டம் அறியாத ஒருவரிடம் சென்றால், பிறருக்கு எழுதும் வழக்கப்படி, “சொத்து முழுவதும் மூத்த மகனுக்கு” என உயில் எழுதித் தந்துவிடுவார். பதிவு செய்திருந்தாலும் அது நிலைக்காது. கஃபன் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்ய இயலாது. வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், மவுத்துக்குப் பின் ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது.

அந்த மூன்றில் ஒரு பங்கு எவருக்கு உதவும்? தந்தைக்கு முன்பே மகன் மவுத்தாகிவிட்டால், மற்ற ஆண்மக்கள் இருக்கும் நிலையில், அம்மகனின் அனாதைப் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடைப்பதில்லை. பாட்டனார் தம் வஸிய்யத்தால் அவர்களை அரவணைக்கலாம். அதை நாளைக்கு நாளை என்று தள்ளிப்போட்டு, பேரப்பிள்ளைகளைத் தெருவில் விட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஹிபாவிலும் கவனம் தேவை. கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தை அவர் வசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். மரணப் படுக்கையில் அவசரமாக எழுதுவது வஸிய்யத்தின் வரம்புக்குள்ளேயே அடங்கும். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த தந்தைக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததையும் மறக்கலாகாது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவரே. அதனால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

எனவே வழக்கறிஞரிடம் செல்லுமுன் ஒரு பட்டியல் எழுதுவோம்: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹர். மஹரும் கடனே, பங்கு பிரிக்குமுன் அதைத் தீர்க்க வேண்டும். பங்குக் கணக்கை ஆலிமிடமும், பத்திரத்தின் வாசகத்தை வழக்கறிஞரிடமும் கேட்போம். இருவர் சொல்வதும் மாறுபட்டால், இருவரையும் ஒருங்கே அமர்த்தித் தெளிவு பெறாமல் கையெழுத்திடாதிருப்போம். கட்டணம் கொடுக்க வசதியற்ற சகோதரிகள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

பெருமக்களே! நம் மவுத்துக்குப் பின் நம் பிள்ளைகள் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழ வேண்டும். நீதிமன்ற வாயிலில் எதிரெதிரே நிற்கலாகாது. அந்தப் பட்டியலை இன்று இரவே எழுதத் தொடங்குவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.