ஆமைக்குக் காவல் இருப்பவருக்குக் கூலி யார் தருவது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆமையைப் பத்தித் தலித் மேடையில் பேச என்ன இருக்குன்னு உங்களில் சிலருக்குத் தோணலாம். இருக்கு. கடற்கரை யாருடையது, அதைக் காக்கிற உழைப்புக்கு யார் கூலி தருவது, வர்ற பணத்தை யார் கையில் வச்சிருப்பது என்ற மூணு கேள்வியும் இதற்குள்ளே இருக்கு. 1927இல் மகாத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது எழுந்ததும் பொதுச்சொத்து யாருக்கு என்ற கேள்விதான்.

நம்ம மீனவர் பங்குனி ஆமை என்று சொல்வது ராத்திரியில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு வெளியே வர 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரைக்கும் நாய், பன்றி, நரி, மனுசன் எல்லாரிடமிருந்தும் அந்தக் குழியைக் காப்பாத்தணும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். கடலைவிட ரோட்டு விளக்கு பளிச்சென்று இருந்தால் அந்தப் பக்கம் போய்ச் சாகும். அதைப் பொறுக்கிக் கடலில் விட ராத்திரி முழுக்க ஆள் வேணும். இது உழைப்பு. இதைச் 'சேவை' என்று சொல்றவர்கள் பெரும்பாலும் மாசச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஒரிசாவைப் பாருங்கள். கஹிர்மாதா கரையில் 1970களின் நடுப்பகுதி வரை அரசே உரிமம் கொடுத்து, படகு படகாக முட்டையை அள்ளவிட்டு வருமானம் பார்த்தது. பிறகு அதே அரசு காவலன் வேஷம் கட்டியது. 1997இல் கஹிர்மாதா கடல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தாமரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே வரை ஏழு மாசம், 20 கிலோமீட்டருக்குள் மீன்பிடிக்கத் தடை. ஆமையைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது விசைப்படகின் இழுவலை. அடி விழுந்தது சின்ன வலைக்காரன் வயித்திலும். 2020களின் தொடக்கத்தில் இதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 7,500 ரூபாய் கொடுத்தார்கள். ஏழு மாசத்துக்கு வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 35 ரூபாய். ஐந்து உயிர் இருக்கிற வீட்டுக்கு!

அதே மாநிலத்தில் ருஷிகுல்யா கரையில், புருணபந்தா, கோகர்குடா, பொடம்பேட்டா போன்ற மீனவ ஊர்களின் இளைஞர்கள் கரையைக் காத்து வந்திருக்கிறார்கள். அங்கே ஆமைகள் கூட்டமாக முட்டையிடுவது ஆய்வாளர் கவனத்துக்கு வந்ததே 1994இல்தான். 2025 பிப்ரவரியில் அந்தக் கரையில் ஆறரை லட்சத்துக்கும் மேல் ஆமைகள் ஏறின. பெருமையை எல்லாரும் பங்கு போட்டார்கள். ராத்திரி கண்விழித்தவன் பங்கு என்ன?

பணம் எங்கிருந்து வருது என்பதையும் கேட்கணும். கஹிர்மாதா முட்டையிடும் கரையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் தாமராவில் டாட்டா ஸ்டீலும் எல் அண்ட் டியும் துறைமுகம் கட்டின. சூழலியலாளர் எதிர்த்தார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமே அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக வந்தது. 2011இல் துறைமுகம் இயங்கத் தொடங்கி, 2014இல் அதானி கைக்குப் போனது. மீனவனுக்கு 20 கிலோமீட்டர் தடை, கப்பலுக்கு வழி. கம்பெனிப் பணத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை நன்கொடையாக வாங்கிக் கும்பிடு போடாதீர்கள், கெடுதலுக்கு ஈடாகக் கணக்கு கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

வேறு வழி இருக்கா? இருக்கு. கோஸ்டாரிக்காவில் ஓஸ்தியோனால் என்று ஒரு கடலோர ஊர். ஆமைகள் கூட்டமாக வரும்போது முதலில் இட்ட முட்டைகளைப் பின்னால் வர்ற ஆமைகளே தோண்டி நாசமாக்கிவிடும். அதனால் 1987 முதல், கூட்டம் ஏறத் தொடங்கும் முதல் நாட்களில் மட்டும் ஊர்ச் சங்கம் முட்டை எடுத்து விற்கச் சட்டமே அனுமதிக்கிறது. வருமானத்தில் உறுப்பினருக்குப் பங்கு, மீதி ஊர்ப் பொதுக் காரியத்துக்கு. பதிலுக்கு அவர்கள் கரையைச் சுத்தம் செய்து, திருட்டைத் தடுத்து, குஞ்சுகளைக் காக்கிறார்கள். இங்கே அப்படியே செய் என்று சொல்ல வரவில்லை. நம்ம கரையில் முட்டை எடுப்பது குற்றம், அது அப்படியே இருக்கட்டும். நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: காக்கிறவன் கையில் உரிமையும் வருமானமும் சேர்ந்து இருந்தது.

இனி நம்ம ஆட்களிடமே ஒரு கேள்வி. நிதி கொடுப்பவர்கள் 'சமூகம்' என்கிறார்கள். எந்தச் சமூகம்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் நடந்ததை மறக்க முடியுமா? படகு வச்சிருந்தவர் பெயர் பட்டியலில் ஏறியது. கருவாடு சுமந்த, மீன் தூக்கிக் கூலி வாங்கிய, உப்பேறிய வயலில் வேலை இழந்த சேரி மக்கள் பல இடங்களில் விடுபட்டார்கள். முகாமில்கூடத் தள்ளி வைக்கப்பட்டார்கள். மீனவர் ஒடுக்கப்பட்டவர்தான், நம்ம கூட்டாளிதான். ஆனாலும் ஊர்ப் பஞ்சாயத்து கையில் மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டுச் 'சமூகம் பார்த்துக்கும்' என்றால், சாதியும் சேர்ந்து பார்த்துக்கும்.

இயற்கையின் பெயரால் நம்மை விரட்டுவதும் புதுசில்லை. 1979இல் மேற்கு வங்கத்தில் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய நாமசூத்திர அகதிகளை, காப்புக்காடு என்று சொல்லி, உணவும் தண்ணீரும் போகாமல் முற்றுகையிட்டுத் துப்பாக்கியால் விரட்டியது இடதுசாரி அரசு. புலிக்கு இருந்த இடம் தலித்துக்கு இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

ராத்திரிக் காவலுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. 'ஊக்கத்தொகை' வேண்டாம்.

தடைக்காலத்து நிவாரணம் படகுக்கு அல்ல, உழைப்பவருக்கு. கூடை சுமக்கும் பெண்ணுக்கும் சேரிக் கூலிக்கும் சேர்த்து.

பணத்தைக் கையாளும் குழுவில் பெண்களும் தலித்துகளும். வரவு செலவு ஊர் நடுவில், சேரியிலும், சுவரில் எழுதப்படணும்.

இழுவலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத முதலாளிமேல் அபராதம். அந்த அபராதம் கரைக்காவல் நிதிக்கு.

சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி நடந்து முட்டைக்குழி தேடி வருகிறார்கள். நல்லது, நீங்களும் போங்கள். போகும்போது அந்தக் கரையோரக் குப்பத்திலும் சேரியிலும் நுழைந்து, இந்த நாலு கோரிக்கையையும் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.