நடுக்களத்தில் ஒரு வாழ்க்கை

கால்பந்தாட்டத்தில் கோல் அடிப்பவரை உலகம் அறியும். கோலைக் காப்பவரையும் அறியும். இவ்விருவர்க்கும் இடையே நின்று, எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னணியினர்க்கு வழங்கிவிட்டு மீண்டும் தம் இடத்துக்கு ஓடி வருகின்ற நடுக்கள ஆட்டக்காரரை அறிந்தவர் சிலரே. அத்தகைய ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் பியர்மாரியோ மொரோசீனி.

இத்தாலியில் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் கீழ்ப்பிரிவில் முன்னின்ற கழகங்கள் மேலேறும்; மேற்பிரிவில் பின்தங்கியவை கீழிறங்கும். முதற்பிரிவில் புகழும் பொருளும் குவியும். இரண்டாம் பிரிவிலோ உழைப்பு மிகுதி, புகழ் குறைவு. மொரோசீனியின் வாழ்வு பெரும்பாலும் அங்கேதான் கழிந்தது.

அவர் 1986ஆம் ஆண்டு பெர்கமோ நகரில் பிறந்தார். அவ்வூர் அதலாந்தா கழகத்தின் இளைஞர் அணியில் ஆட்டம் பயின்றார். இருபது வயது நிறையுமுன்னரே தாயையும் தந்தையையும் இழந்தார். எனினும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2005இல் உடினேசே கழகத்துக்காக முதற்பிரிவில் காலடி வைத்தார். பின்னர்ப் பொலோனா, விச்சென்ஸா, ரெஜ்ஜினா, பாதோவா என்று இரண்டாம் பிரிவுக் கழகங்கள் பலவற்றுக்கு ஆடினார். ஊர் மாறும், சட்டையின் நிறம் மாறும், தோழர்கள் மாறுவர். அவருடைய பணி மட்டும் மாறவில்லை. 2009இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கான ஐரோப்பியப் போட்டியில் இத்தாலிய அணியிலும் இடம் பெற்றார். 2012இன் தொடக்கத்தில் லிவோர்னோ கழகத்துக்கு இரவலாக வந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பெஸ்காரா நகரில் ஆட்டம். 31ஆம் நிமிடத்தில் மொரோசீனி தடுமாறி விழுந்தார்; எழ முயன்றார்; மீண்டும் விழுந்தார். வழியில் ஒரு வண்டி நின்றிருந்தமையால் மருத்துவ ஊர்தி களத்துக்குள் வருவது தாமதமாயிற்று. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி அங்கு இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. இருபத்தைந்தே வயதான அவ்விளைஞர் உயிர் துறந்தார். அவ்வார இறுதியில் இத்தாலி முழுவதும் கால்பந்து நிறுத்தப்பட்டது. அவர் அணிந்த 25ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என லிவோர்னோ கழகம் முடிவு செய்தது.

மாணவ நண்பர்களே, இங்கே நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து வெறும் நடுக்கமாகும்போது, இரத்தம் மூளைக்குச் செல்வதில்லை. மின்னதிர்ச்சி அந்நடுக்கத்தை நிறுத்தி, இயல்பான துடிப்பு மீள வழி செய்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடும். ஆகவே தொலைவிலுள்ள பெரிய மருத்துவரைவிட, அருகில் நிற்கும் பயிற்சி பெற்ற நண்பரே அவ்வேளையில் பெருந்துணை. மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து விடாது அழுத்துவதை நீங்களும் கற்கலாம். சில மணி நேரப் பயிற்சி போதும்.

இவ்வுண்மையை இத்தாலி பின்னர்ச் சட்டமாக்கியது. 2013 ஏப்ரலில் வெளிவந்த ஆணை, விளையாட்டுக் கழகங்கள் அக்கருவியை வைத்திருக்க வேண்டும் என விதித்தது. 2021இல் இயற்றப்பட்ட சட்டம் பொது இடங்களிலும் அதனைப் பரப்ப வழி கோலியது.

மொரோசீனி அடித்த கோல்களை எண்ண விரல்களே மிகுதி. ஆயினும் இன்று ஏதோ ஒரு சிற்றூர் மைதானத்தின் சுவரில் தொங்கும் அக்கருவியைக் காணும் இத்தாலியச் சிறுவனுக்கு, அவர் பெயரைச் சொல்லித் தருவோர் உண்டு. வெற்றிப் பட்டியலை மட்டும் படித்து ஒருவரை அளக்கலாகாது என்றே நான் கருதுகிறேன்.