நோகுது என்று சொல்லுங்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே வகுப்பில் படித்து, மயக்கமருந்துப் பிரிவில் வேலைசெய்யும் நாங்கள் இருவரும் சேர்ந்தே இந்த உரையைத் தயாரித்தோம். தையல் பாடத்தில் ஊசி பிடிக்கத் தெரியாமல் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். இன்று பேசப்போவதும் ஊசியைப் பற்றித்தான்.

எங்கள் பயிற்சிக் காலத்தில், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். "நோகுதா அம்மா?" என்று கேட்டால், "பரவாயில்லை மகள்" என்பார். ஆனால் இருமமாட்டார். நோவுக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் எடுத்துக்கொண்டு கிடந்தார். சளி அடியில் தங்கியது, காய்ச்சல் வந்தது, நியூமோனியாவாயிற்று. பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பொறுமைதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

மோர்பின் கொடுக்கலாம். அளவு கூடினால் அதுவே மூச்சை மந்தமாக்கும். வாந்தியும் மலச்சிக்கலும் வேறு. அதனால்தான் நரம்பை மட்டும் விறைக்கவைக்கும் வழி. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்போடும் ஒரு நரம்பு ஓடுகிறது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், அது வெளியே வரும் இடத்தில் மருந்தை விட்டால், காயத்தின் நோவு மேலே போகாது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்கு விளங்கும். ஆனால் இதில் நெஞ்சின் ஒரு பக்கம்தான் விறைக்கும், கால் விறைக்காது.

இது 1905 இலேயே ஜெர்மானிய வைத்தியர் ஹியூகோ செல்ஹைம் செய்தது. பிறகு கைவிடப்பட்டு, 1979 இல் ஈசனும் வையாட்டும் எழுதிய பின் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது ஸ்கானில் ஊசிமுனையைப் பார்த்தே போடுகிறோம். 2016 இல் வெளிவந்த முறையில் முதுகுத் தசைக்கு அடியிலேயே மருந்து விடப்படுகிறது. நுரையீரல் உறையில் குத்திவிடும் பயம் குறைவு. மெல்லிய குழாயொன்றை வைத்துவிட்டால் சில நாட்களுக்கு மருந்து கொடுக்கலாம். மோட்டார் சைக்கிளில் விழுந்து விலா முறிந்தவர்களுக்கும் இது உதவும்.

எல்லா நோவும் போய்விடாது. தோள் நோவு இருக்கும், பரசிற்றமோலும் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வீட்டில் யாருக்காவது நெஞ்சில் சத்திரசிகிச்சை என்றால், "நோவுக்கு என்ன செய்யப்போறீங்கள்?" என்று முதலே கேளுங்கள். அண்மையில் இந்த ஊசி போட்ட ஒரு பெரியம்மா, மறுநாள் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பலமாக இருமி, சளியைத் துப்பிவிட்டு, எங்களிடம் பிளேன்டீ கேட்டார்.